ஒண்டுமில்லை என்றால் என்ன அர்த்தம்?

இதை எழுதுவதா விடுவதா என்று கனகாலம் யோசித்தேன். மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா என்ர பேரைப் போடாதேங்கோ" என்றாள். பேரைப் போடவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

2017 இலையுதிர் காலம். பேர்கனில் வழமைபோல மழை. என் நண்பன் ஒருவனின் தாயார் ஊரில் காலமாகிவிட்டார். அவனும் நானும் எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் கறி வைத்துச் சாப்பிட்டவர்கள். அவனுக்கு அப்போதுதான் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பெற்ற தாயின் செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். வீடு நிறையச் சனம். என்னைப் பக்கத்தில் இருத்தி, "அம்மா கடைசியா என்ர பேரைத்தான் சொன்னவவாம் மச்சான்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"குளிர்கால ரயர் மாத்திட்டியோ? நவம்பர் முதலாம் திகதியிலயிருந்து ஆணி ரயர் போடலாம். நான் ஒரு இடத்தில மலிவா எடுத்தனான்."

அதோடு விட்டேனா? இல்லை. பத்து நிமிடம் ரயர் விலையைப் பற்றிக் கதைத்தேன். அறை அமைதியாகிவிட்டது. எல்லாரும் கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகக்கூட இருந்தது.

திரும்பி வரும்போது மனைவி காரில் ஒரு சொல்லும் பேசவில்லை.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை."

ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லைத்தானே. வானொலியைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டி, "இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டேன்.

இதை வாசிக்கும் பெண்கள் பலருக்கு இப்போது என்னில் கோபம் வந்திருக்கும். நியாயம்தான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு 2011இல் எம்.எஸ். என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் காலை எழும்ப, இடது கண்ணுக்கு முன்னால் புகை மூடியமாதிரி இருந்தது. கண்ணை அசைத்தால் நோ. சிவப்புச் சட்டை வெளிறித் தெரிந்தது. ஒரு மாதத்தில் கண் தெளிந்துவிட்டது, ஆனால் அதற்கிடையில் மூளையைப் படம் எடுத்து, முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, "உங்களுக்கு மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ்" என்று சொல்லிவிட்டார்கள். மூளைப்படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். மார்கழி வானம்போல என்று நான் பகிடி விட்டது நினைவிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறது அல்லவா, அதுபோல எங்கள் நரம்பு இழைகளுக்கும் மயலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. செய்தி வேகமாகப் போவது அதனால்தான். எம்.எஸ். வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைக் கடித்துத் தின்கிறது. எந்த இடத்துக் கம்பி கெட்டது என்பதைப் பொறுத்து, ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் கால், வேறொருவருக்குச் சலப்பை. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட.

எங்கள் ஊரில் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அம்மாவுக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தினேன். "வாதம் எண்டு சொல்லு, ஆராவது எண்ணெய் காய்ச்சித் தருவினம்" என்றார். ஆனால் நோர்வேயில் ஒரு லட்சம் பேருக்கு இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. உலகிலேயே கூடின நாடுகளில் ஒன்று. வெயில் குறைவும் ஒரு காரணம் என்கிறார்கள். 2022இல் அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் இரத்தப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று வந்தது. எப்ஸ்ரைன் பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று அது காட்டியது. ஆனால் அந்த வைரஸ் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் தொற்றுவது. எல்லாருக்கும் எம்.எஸ். வருவதில்லை. எனக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, கண் தெளிந்தது. கால் கொஞ்சம் இழுத்தது, சமாளித்தேன். சரியான களைப்பு, அதற்காக வேலையைப் பாதி நேரமாக்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியசாலைக்குப் போனால், "நடக்கிறீர்களா? சலம் கட்டுப்படுகிறதா? நித்திரை வருகிறதா?" என்று கேட்பார்கள். எல்லாம் பரவாயில்லை என்பேன். நல்லது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். "மனிசியோடை எப்படி?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

மனைவியோடு எப்படியென்றால், வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வந்தது. எனக்கு அது தெரியவில்லை. அதுதான் இந்த நோயின் வினை. கால் இழுத்தால் காலின் சொந்தக்காரனுக்குத் தெரியும். இது மற்றவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

முந்தி நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று மனைவி சொல்கிறாள். அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிற விதத்திலேயே அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடித்துவிடுவேனாம். 2013, 2014க்குப் பிறகு அது மெதுவாக இல்லாமல் போனது. அவள் அழுதால் நான் பேப்பர் வாசித்தேன். மகள் சோதனையில் கோட்டைவிட்டு வந்து நின்றபோது கால்பந்து முடிவு சொன்னேன். கோயில் மண்டபத்தில் ஒருவர் என்னோடு கதைத்துக்கொண்டே போவதற்குத் தவித்தாலும் விடாமல் பிடித்துவைத்துக் கதைத்தேன். சனம் இரண்டு விதமாகச் சொன்னது. ஒன்று, "ஆளுக்குத் திமிர்." மற்றது, "ஆளுக்குக் கொஞ்சம் தட்டிப்போட்டுது."

மனைவி சொன்னது மூன்றாவது விதம். ரயர் கதை நடந்து ஒரு கிழமைக்குப் பிறகு குசினியில் நின்று சொன்னாள். "உங்களுக்கு வருத்தம் வந்ததுக்கு நான் ஒருநாளும் முகம் சுழிக்கேல்ல. ஆனா உங்களுக்கு என்னில இருந்த அன்பு போட்டுது. சுவரோடை எத்தினை வருசம் குடும்பம் நடத்திறது? நான் லண்டனுக்கு அக்காவிட்டைப் போகப்போறன்."

எனக்கு விளங்கவில்லை. எனக்கு அவளில் அன்பு இருந்தது. அது எங்கும் போகவில்லை. அது இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது போதும் என்று நினைத்திருந்தேன்.

லண்டனுக்குப் போவதற்கு முதல் அவள் ஒரு வேலை செய்தாள். அடுத்த தடவை வைத்தியசாலைக்கு என்னோடு வந்தாள். தாதி வழமையான கேள்விகளைக் கேட்டார். நான் வழமையான பதிலைச் சொன்னேன். மனைவி குறுக்கே விழுந்து, தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "இவர் பழைய ஆள் இல்லை. முகத்தைப் பார்க்கிறார், ஆனால் காண்கிறார் இல்லை" என்றாள். தாதி பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்த ஒரு வசனத்தால்தான் எங்கள் குடும்பம் இன்றைக்கு ஒன்றாக இருக்கிறது.

2018 மாசியில் ஒரு நரம்பு உளவியலாளரிடம் அனுப்பினார்கள். முதலில் தொண்ணூறு வினாடிக்குள் குறியீடுகளுக்குச் சரியான இலக்கம் சொல்லும் சோதனை. பிறகு சொற்களை ஞாபகம் வைத்தல், உருவங்களை ஞாபகம் வைத்துக் கீறுதல். எம்.எஸ். நோயாளரின் மூளை வேலைத்திறனைச் சுருக்கமாகப் பார்க்க 2012இல் நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்த சோதனை இந்த மூன்றும்தான். கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இதில் நான் பெரிதாகப் பிழைவிடவில்லை. வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். கவனியுங்கள், இந்த மூன்றிலும் மனித முகம் என்று ஒன்று வருவதே இல்லை. இதோடு விட்டிருந்தால், "உங்கள் மூளை நல்லா இருக்கிறது" என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மனைவி லண்டனுக்குப் போயிருப்பாள்.

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்கள் அறுபதைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் 1976இல் வெளியிட்ட படத்தொகுதியிலிருந்து எடுத்தவை. மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம் என்று ஆறு உணர்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து முகங்கள். எது என்று சொல்ல வேண்டும். மகிழ்ச்சி பத்துக்குப் பத்து. கோபம் பத்துக்கு ஐந்து. பயம் பத்துக்கு மூன்று. பயந்த முகத்தையெல்லாம் ஆச்சரியம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு சின்னச்சின்னக் கதைகள். விருந்துக்கு வந்த ஒருவர், யார் சமைத்தது என்று தெரியாமல், சமைத்தவளிடமே போய்ச் சாப்பாடு சரியில்லை என்கிறமாதிரி. "இதில் யாராவது சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்களா?" என்று கேட்பார். நான், "இல்லை, அவர் உண்மையைத்தானே சொன்னார்" என்றேன். பின்னால் இருந்த மனைவி பெருமூச்சு விட்டது கேட்டது.

இடையில் ஒரு சிக்கலும் வந்தது. என்னுடைய நோர்வேஜிய மொழி மீன் தொழிற்சாலையில் படித்தது. கத்திக்கும் கடலுக்கும் சம்பளத்துக்கும் சொல் தெரியும். ஏமாற்றத்துக்கும் மனத்தாங்கலுக்கும் என்ன சொல் என்று யார் எனக்குச் சொல்லித்தந்தது? மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு இன்னொரு நாள் திரும்பச் செய்தார்கள். தமிழில் செய்தபோது கதைகளில் கொஞ்சம் கூடப் புள்ளி வந்தது. முகங்களில் வரவில்லை. ஆகவே பிழை மொழியில் இல்லை.

கடைசியில் அவர் எங்கள் இரண்டு பேரையும் இருத்திச் சொன்னார். மற்றவரின் முகத்தையும் குரலையும் பார்த்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிவதும் மூளையின் ஒரு வேலை. கை, கால் போல அதற்கும் கம்பிகள் உண்டு. அது ஒரே இடத்தில் நடக்கிற வேலை இல்லை, பல இடங்கள் ஒன்றோடொன்று வேகமாகக் கதைத்துச் செய்கிற வேலை. எம்.எஸ். அந்த இடங்களுக்கு இடையில் ஓடும் கம்பிகளைத்தான் கெடுக்கிறது. ஒரு முகபாவம் கனநேரம் நிற்பதில்லை. மெதுவான மூளை அதைப் பிடிக்க முதல் அது போய்விடும். 2016இல் 'நியூரோலஜி' இதழில் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. எம்.எஸ். நோயாளரில் இந்தக் குறை உண்மையாகவே இருக்கிறது, அதுவும் கோபத்தையும் பயத்தையும் அறிவதில்தான் கூடுதலாக இருக்கிறது என்று அதில் இருக்கிறது. எல்லா நோயாளருக்கும் இல்லை. ஆனால் கால் நல்லாக இருக்கிற ஆளுக்கும் இது வரலாம். இது புதிய கண்டுபிடிப்புமில்லை. 1868இல் பாரிசில் ஷார்கோ என்ற வைத்தியர் இந்த நோயை விவரித்துப் பாடம் எடுத்தபோதே, நினைவோடு உணர்ச்சிகளும் மழுங்கிப்போவதைச் சொல்லியிருக்கிறார். நூற்றைம்பது வருடமாக எல்லாரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவருக்கு உங்களில் அன்பில்லை என்பதல்ல. உங்கள் முகத்திலிருந்து வரும் செய்தி இவருக்குக் கிடைக்கவில்லை" என்றார் மனைவியிடம்.

மனைவி அழத் தொடங்கினாள். நான் பயந்துபோய், "ஏன் அழுகிறாய்?" என்று கேட்டேன்.

"இது சந்தோசத்தில" என்றாள்.

பிறகு பயிற்சி தொடங்கியது. நெதர்லாந்தில் குரோனிங்கனில், விபத்தில் மூளை அடிபட்டவர்களுக்காக ஒரு முறையை உருவாக்கி, 2017இல் ஆய்வு முடிவை வெளியிட்டிருந்தார்கள். வாரம் ஒரு மணித்தியாலம், இருபது அமர்வுகள் வரை. வீட்டு மனிதரும் சேர்ந்து வரவேண்டும். கணினியில் மூளைப்பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் முகங்களை அறிவதில் முன்னேறினார்கள், துணைவரோடு உறவும் மேம்பட்டது. எம்.எஸ். நோயாளரில் செய்த முயற்சிகள் இன்னும் சிறியவை. உத்தரவாதம் தரமுடியாது, முயன்று பார்ப்போம் என்றுதான் உளவியலாளர் அந்த வழியில் எங்களுக்குச் செய்தார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

முதலில் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கப் பழக்கினார். புருவம் எங்கே நிற்கிறது? மேல் இமை எவ்வளவு திறந்திருக்கிறது? உதடு இறுகியிருக்கிறதா? ஆச்சரியத்தில் புருவம் வளைந்து மேலே போகும், வாய் தளர்ந்து திறக்கும். பயத்தில் புருவம் மேலே போனாலும் ஒன்றையொன்று நெருங்கும், உதடு பக்கவாட்டில் இழுபடும். இதைக் கண்ணாடியைப் பார்த்து நானே செய்துபார்க்க வேண்டும். அறுபதை நோக்கிப் போகிற வயதில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாடம், நில், யோசி, கேள். வாயைத் திறக்க முதல் நிற்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு இப்போது என்னவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டும். தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேட்க வேண்டும். "நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா?"

மூன்றாவது பாடம் எனக்கில்லை. மனைவிக்கு. தினமும் இரவு, தன் மனதில் இருக்கிறதை ஒரு வசனத்தில் நேராக எனக்குச் சொல்ல வேண்டும். சாடையாக இல்லை. "இன்றைக்கு எனக்குக் கவலை" என்கிறமாதிரி.

சின்ன வேலை என்று நினைத்தோம். முதல் கிழமை அவளால் ஒரு வசனமும் சொல்லமுடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடுகளில் யார் வாயால் சொல்லியிருக்கிறார்கள்? அப்பாவின் கோபத்தைச் செருமலில் அறிந்தோம். அம்மாவின் கோபம் கோப்பையை வைக்கும் சத்தத்தில் இருந்தது. அன்பு, சோற்றுக்குள் ஒளித்துவைத்த முட்டைப்பொரியலில் இருந்தது. "ஒண்டுமில்லை" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்! கோபத்துக்கும் ஒண்டுமில்லை, கவலைக்கும் ஒண்டுமில்லை, பயத்துக்கும் ஒண்டுமில்லை. சிலவேளை உண்மையாகவே ஒண்டுமில்லை. எது எதென்று முகம்தான் சொல்லும். முகம் வாசிக்கத் தெரியாதவனுக்கு எங்கள் வீடு ஊமை வீடு. ஒரு நோர்வேஜியக் குடும்பத்தில் இந்த நோய் வந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காதோ என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் சந்தித்த நோர்வேஜியர் ஒருவர், தன் தகப்பனும் வாயே திறக்காத மீனவர்தான் என்றார். அங்கேயும் அதே கதைதான் போல.

இரண்டாம் கிழமை ஒருநாள், வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருட்டில் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு. நீங்கள் நடக்கேலாமப் போனா எல்லாத்தையும் நான் தனியச் செய்யவேணும் எண்டு பயமா இருக்கு." அவள் முகத்தில் எத்தனை வருடமாக அந்தப் பயம் இருந்ததோ! நான் அதை ஆச்சரியம் என்று வாசித்திருக்கிறேன்.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. என்னோடு கதைப்பதை நிறுத்தி ஒரு வருடம் இருக்கும். நான் கண்ணாடிக்கு முன்னால் சுளிப்பதை ஒருநாள் கண்டுவிட்டாள். தாயிடம் விசாரித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு, நடன வகுப்பால் வந்தவள் உடுப்பு மாற்றாமல் வரவேற்பறையில் வந்து நின்றாள்.

"அப்பா, கதிரையில இருங்கோ. நான் செய்யிறன், நீங்கள் சொல்லுங்கோ."

நவரசம். ஆறு வயதிலிருந்து நான்தான் அவளைப் பரதநாட்டிய வகுப்புக்குக் காரில் ஏற்றி இறக்கினேன். ஒன்பது முகமும் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. வீரம், ரௌத்திரம், பயானகம், அற்புதம் என்று ஒவ்வொன்றாகச் செய்தாள். மேடைக்குச் செய்கிற முகம் பெரியது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியவேண்டும். அதனால் எனக்கும் தெரிந்தது. "இப்ப நடுத்தரமாச் செய்யிறன்" என்றாள். பாதி பிழைத்தது. "இப்ப சின்னனா." கிட்டத்தட்ட எல்லாம் பிழைத்தது. உளவியலாளரிடம் இதைச் சொன்னபோது, பெரிய உணர்ச்சியிலிருந்து சின்னதுக்குப் போவதுதான் சரியான ஒழுங்கு, உங்கள் மகளுக்குச் சம்பளம் கொடுக்கவேணும் என்று சிரித்தார்.

பல ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்துக் கருணை என்றேன். "நல்லாச் செய்யிறாய், சின்னனாச் செய்தும் பிடிச்சிட்டன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, நான் இன்னும் தொடங்கேல்ல" என்றாள்.

அன்றைக்கு நில், யோசி, கேள் எல்லாம் நினைவுக்கு வந்தது. கேட்டேன். ஒரு வருடத்துக் கதையை ஒரு மணித்தியாலத்தில் சொன்னாள். அது அவளுடைய கதை, இங்கே எழுதமாட்டேன்.

பயிற்சி முடிந்து திரும்பச் சோதித்தார்கள். கோபம் எட்டு. பயம் நான்கு. பெரிய வெற்றி இல்லை. கம்பி கெட்டது கெட்டதுதான், அதன்மேல் ஒட்டுப்போட்டு ஓடுகிறேன். களைத்த நாளில் ஒட்டும் வேலை செய்யாது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என்னிடம் முக்கியமான கதை கதைக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம். கேட்கிற பழக்கமும் எல்லா இடத்திலும் எடுபடாது. கோயில் கூட்டத்தில் ஒரு அண்ணையிடம், "நீங்கள் இப்ப கோவமா இருக்கிறியளோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "உமக்கென்ன விசரே?" என்றார். அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது, கோபம்தான்.

இதை வாசிக்கும் யாருடைய வீட்டிலாவது எம்.எஸ். இருந்தால் மூன்று விசயம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒன்று, வைத்தியரிடம் தனியப் போகாதீர்கள். கூடவிருக்கும் ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரைக் கதைக்கவிடுங்கள். இந்தக் குறை நோயாளியின் வாயிலிருந்து வராது. இரண்டு, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நோர்வேயில் 2022 தை முதலாம் திகதியிலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. தகப்பனின் மூளையைப் பற்றி மகள் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? மூன்று, மனச்சோர்வும் களைப்பும்கூட ஆளை இப்படி ஒதுங்கவைக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. எது எதென்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திமிர் என்றும் விசர் என்றும் நாங்களே தீர்ப்புச் சொல்லவேண்டாம். எங்கள் சனத்துக்குள் இந்த வருத்தத்தை ஒளித்துவைத்திருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாணம் தடைப்படும் என்று தாய் தகப்பன் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் வாய்திறக்க வழி விடுங்கள்.

வருத்தம் இல்லாதவர்களுக்கும் ஒன்று. வாயால் சொல்லுங்கள். முகம் வாசிக்கத் தெரிந்தவர்களும் எல்லா நேரமும் சரியாக வாசிப்பதில்லை.

ரயர் விசயம் பாக்கி இருக்கிறது.

2019 ஐப்பசியில் அந்த நண்பனிடம் போனேன். இரண்டு வருடமாக அவன் என்னோடு கதைக்கவில்லை. வருத்தத்தைப் பற்றியும் அறுபது முகங்களைப் பற்றியும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"மச்சான், உன்ர முகத்தைப் பாத்து எனக்கு விளங்கேல்ல. கோவமோ, கவலையோ? வாயால சொல்லு."

கனநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ரெண்டும்தான்" என்றான். "அம்மா அனுப்பின மிளகாய்த்தூளிலதானே ரெண்டு வருசம் நாங்கள் கறி வைச்சது. எனக்கெண்டு ஒரு பை, உனக்கெண்டு ஒரு பை கட்டி அனுப்புவா. அவ செத்தண்டைக்கு நீ ரயர் விலை சொல்லுறாய்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் பயிற்சி எடுத்திருக்கிறேன். அவன் தாயைப் பற்றிக் கதைத்தான். பின்னேரம் ஐந்து மணி தாண்டிவிட்டது, களைப்பு ஏறிக்கொண்டு வந்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிக்கிடும்போது கார்வரை வந்தான். நான் கதவைத் திறக்க, குனிந்து சில்லைப் பார்த்தான்.

"என்ன, ரயர் மாத்திட்டியோ?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. குத்திக்காட்டுகிறானா, உண்மையாகவே கேட்கிறானா? முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கேட்டேன்.

"பகிடியடா" என்றான்.